முல்லைக்கொடியும் மீளும் நெறியும்

நிறைவே வடிவாகிய இறைவனுக்கு வேண்டுவதொன்றில்லை. அங்ஙனமாக, அவன் உயிர்களை விரும்பித் தேடுகின்றான் எனல் எவ்வாறு பொருந்தும்? குறையுடையார்க்கன்றோ வேட்கை உளதாவது என வினவுவாருளர். இவ்வினா எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. இறைவன் நம்மை விரும்புகின்றிலன் எனின், அவன்பால் நாம் மீளுதல் நம் முயற்சியொன்றானே முடிதல் வேண்டும். ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு அஃது இயலாது.

வேட்கை இருவகைத்து. தன் குறை நிரப்பக் கொள்வதொன்று. பிறர் குறை நீக்கக் கொள்வது மற்றொன்று. பசித்தான் சோற்றை விரும்புதல் முன்னையது. மகவு பசித்துழித் தாய் பாலூட்ட விரும்புதல் பின்னையது. இறைவனது இச்சாசத்தி பின்னை வகையினது. உயிர்கள் மலம் நீங்கி இன்புறுதலே அதன் பயன். ஆகலின் அவ்விச்சை அவனது நிறைவோடு முரணாமை காண்க.

இனி, மீளுதல் என்பதும் ஆராயத்தக்கது. முன்பு தூயதாய் இருந்த உயிர் பின்னர் வழுவிப் பிரிந்ததென்பது சித்தாந்தமன்று. ஆணவம் செம்பிற் களிம்புபோல அநாதி. இறைவனோ உயிரைப் பிரிந்த காலமில்லை. ஆகலின் மீளுதலாவது ஓரிடத்தினின்று மற்றோரிடஞ் சேறலன்று. உலகை நோக்கிய முகம் உடனிருப்பானை நோக்கித் திரும்புதலேயாம். சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் ஐம்புலன்களை வேடராக உருவகிக்கின்றது. வேடருள் வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனுக்கு அவன் நிலையை உணர்த்துவார் போல, முதல்வனே குருவாய் வந்து உயிர்க்கு உணர்த்துகின்றான். ஈண்டுத் தேடிவந்தவன் தந்தையே, மகனல்லன்.

இவ்வுண்மை இனிது விளங்கும் தலம் ஒன்று சென்னைக்கு மேற்கே, அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் இடையே உளது. அதுவே மாசிலாமணீசர் எழுந்தருளிய வடதிருமுல்லைவாயில். போர்க்குச் சென்ற தொண்டைமானது யானையின் கால்களை முல்லைக்கொடி பிணித்தது. அவன் வாளால் கொடியை வெட்டக் குருதி பெருகிற்று. வெட்டுண்டது சிவலிங்கத் திருமேனியென்று கண்டு நடுங்கித் தன் தலையை அரியப் புகுந்தான். இறைவன் வெளிப்பட்டுத் தடுத்து அருளினான் என்பது தலவரலாறு. இன்றும் அத்திருமேனி சந்தனக் காப்புடன் விளங்குகின்றது. சித்திரைச் சதயத்தன்று மட்டும் அக்காப்புக் களையப்பெறும். களிற்றைக் கொடியாற் கட்டினவன் இறைவனே எனச் சுந்தரமூர்த்தி நாயனார் இத்தலப் பதிகத்துக் குறித்தருளினார். தொண்டைமான் தடையென்று வெட்டியது தன்னைப் பற்றிய திருவருளையே. வெட்டுண்ட பின்னரும் அத்திருவருள் அவனை விட்டிலது.

அப்பதிகம் பாடிய நாயனாரின் நிலையும் நினைக்கத்தக்கது. திருவொற்றியூரிற் சங்கிலியாரைப் பிரியேனென மகிழின்கீழ்ச் சூளுரைத்தவர், திருவாரூர் வசந்தவிழாவை நினைந்து அவ்வூரெல்லை கடந்தார், கண்ணொளி இழந்தார். இறைவனைக் காணும் வேட்கையும் ஓரடியார்க்கு உரைத்த உறுதியைக் கடத்தற்குத் துணையாயிற்றிலது. என்னை? சுந்தரர் தோழராயினும், சங்கிலியாரும் அவனுக்கு உரியரன்றோ? ஒருவர்பொருட்டு மற்றொருவரைக் கைவிடுவானல்லன் இறைவன். ஒவ்வோருயிரையும் அவன் விரும்புதல் இத்தகையது. கண்ணைக் கொண்டதும் மறக்கருணையே என்க.

கண்ணிழந்த நாயனார் வடதிருமுல்லைவாயிலை அடைந்து பாடினார். ஆண்டுக் கண் கிடைத்திலது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். இவ்வரலாற்றை விரித்துரைத்த சேக்கிழார் பெருமான், பூவிருந்தவல்லிக்கு அணித்தாய குன்றத்தூரிற் றோன்றியவர்.

முல்லைவாயிலிற் பெற்றது யாதுமில்லையோ எனின், உண்டு. சங்கிலிக்காகத் தம் கண்ணைக் கொண்டவனென்று கூறும் அதே வாயால் அவனைப் பண்புடையானென்று விளிக்கும் உள்ளத்தை அவர் ஆண்டுப் பெற்றிருந்தார். ஒளி வந்தபின் போற்றுதல் யார்க்கும் எளிது. இருளில் நின்று, 'இதனைச் செய்தவன் என்னை விட்டானல்லன்' எனத் தெளிதலே மீளுதலின் தொடக்கம்.

ஆதலின், நம் செலவைத் தடுக்கும் கொடிகளை வெட்டுதற்குமுன் சற்றே நின்று நோக்குவோமாக. வெட்டிவிட்டோமாயின், அஞ்சி ஓடாது ஆண்டே வீழ்ந்து வணங்குவோமாக. நம்மினும் முற்பட்டு அவன் அங்கு நிற்கின்றான்.

திருச்சிற்றம்பலம்.