தலையில் ஒயர் வைத்தால் ஷாக் அடிக்குமா?



ஆறாம் வகுப்பில் என்னை எல்லோரும் "தூங்குமூஞ்சி" என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? டிக்டேஷனில் நடுவில் நாலு வார்த்தை விட்டுவிடுவேன். "எங்கடா பராக்கு பாக்குற?" என்று குட்டு விழும். சத்தியமாக நான் பராக்கு பார்க்கவில்லை. அந்த நாலு வார்த்தை என் காதில் விழவே இல்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

கடைசியில் டாக்டர் ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னார். "புள்ளை மூளையில கரண்ட் வைக்கப் போறாங்களே" என்று பாட்டி அழுதேவிட்டார். அது தப்பு. அந்த மிஷின் கரண்ட் எதையும் உள்ளே அனுப்பாது. மூளையில் உள்ள நரம்பு செல்கள் மின்சாரத்தால்தான் வேலை செய்கின்றன. அது தலைத்தோல் வரை லேசாக வரும். அதை எடுத்துப் பெரிதாக்கி வரைந்து காட்டும், அவ்வளவுதான். டார்ச் செல் 1.5 வோல்ட். தலையில் கிடைப்பது சுமார் 50 மைக்ரோவோல்ட், அதாவது அதில் 30,000-ல் ஒரு பங்கு!

முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போகவேண்டும். தலையில் சுமார் 20 இடங்களில் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். (அந்தப் பசை போக ரெண்டு தடவை ஷாம்பு போட வேண்டியிருந்தது.) கண்ணை மூடு, திற என்றார்கள். பளிச் பளிச்சென்று லைட் அடித்தார்கள். பிறகு 3 நிமிடம் மூச்சை வேகமாக இழுத்து விடச் சொன்னார்கள். திடீரென்று அந்த அக்கா, "ஏன் தம்பி நிறுத்திட்டே?" என்றார். நான் நிறுத்தினதே எனக்குத் தெரியாது!

டாக்டர் அந்த இடத்தைக் காட்டினார். எல்லாக் கோட்டிலும் ஒரே நேரத்தில் ஈட்டி மாதிரி ஒரு முனை, பின்னாடியே ஒரு பெரிய அலை, நொடிக்கு 3 வீதம். "இது வலிப்பில் ஒரு வகை. பேர் ஆப்சென்ஸ். கீழே விழாது, கை கால் உதறாது, சில நொடி நினைவு மட்டும் போகும்" என்றார். அப்பா ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனிதனின் மூளை அலையை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், 1924-ல். 1929-ல்தான் வெளியிட்டார். முதலில் பலர் நம்பவில்லையாம். என் கட்சி!

ஒன்று சொல்லவேண்டும். ஈ.ஈ.ஜி. நார்மல் என்று வந்தாலும் வலிப்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. எடுக்கிற அந்த அரை மணி நேரத்தில் மூளை ஒழுங்காக இருந்திருக்கலாம். கை மரத்துப்போகிறவர்களுக்கு எடுக்கும் நரம்பு டெஸ்ட் வேறு. அதில் நிஜமாகவே சின்ன ஷாக் உண்டு, சுருக்கென்று இருக்கும்.

யாருக்காவது பெரிய வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு கொடுக்காதீர்கள். அதனால் வலிப்பு நிற்காது. வாயிலும் எதையும் வைக்கக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் உடனே 108.

நான் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது வருவதில்லை. ஒருவேளை மறுபடி பாதியில் நின்றுவிட்டால், விட்டுப்போன வரியை உங்கள் நோட்டில் காட்டுங்கள், போதும்.

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்