ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை: பழசா? புதுசா?



பெருங்களத்தூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் ஒரு உறுப்பினர் எங்களைக் கேட்டார்: "மாசா மாசம் ரத்த டெஸ்டுக்கு அலைய முடியல மேடம். அன்னைக்குக் கூலியும் போயிடுது. எங்க தெருவுல ஒரு அம்மா புது மாத்திரை போடறாங்க, டெஸ்டே வேணாமாம். நானும் அதையே வாங்கிக்கட்டுமா?"

உண்மையைச் சொன்னால், அது நல்ல யோசனை என்றே எங்களுக்கும் பட்டது. நல்லவேளையாக, "டாக்டரைக் கேட்காமல் மாத்த வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினோம். டாக்டர் மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஏன்? அதுதான் இந்த மாதப் பாடம்.

இதயம் தாளம் தப்பினால்...

நம் இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென்று துடிப்பதை 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்கிறார்கள். அப்போது ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம். படபடப்பு, மூச்சு வாங்குதல், களைப்பு இருக்கலாம்; சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஈ.சி.ஜி. எடுத்தால் தெரியும்.

பழைய மாத்திரை

அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அந்தக் காரணத்தைத் தேடப்போய்க் கிடைத்ததுதான் வார்ஃபரின். முதலில் எலி மருந்தாக இருந்தது, 1954-இல் மனிதருக்கு மருந்தானது. நம்ம ஊரில் அதிகம் தரும் அசிட்ரோம் மாத்திரையும் இதே இனம். அளவு கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் ரத்தக் கட்டி. அதனால்தான் ஐ.என்.ஆர். பரிசோதனை. பொதுவாக இது 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு டாக்டர் வேறு அளவு சொல்லலாம். கீரை சாப்பிடலாம், ஆனால் ஒரு வாரம் நிறைய, மறு வாரம் ஒன்றுமே இல்லை என்று இருக்கக்கூடாது.

புதிய மாத்திரைகள்

2010 வாக்கிலிருந்து டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் என வரிசையாக வந்தன. இவற்றுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை. மூளையில் ரத்தக் கசிவும் குறைவு. இப்போது இந்தியக் கம்பெனிகளும் தயாரிப்பதால் விலையும் இறங்கியிருக்கிறது. ஆனால் வேளை தவறினால் சீக்கிரமே பாதுகாப்பு போய்விடும். சிறுநீரகப் பரிசோதனையும் அவ்வப்போது வேண்டும்.

யாருக்குப் பழசே நல்லது?

நம் உறுப்பினருக்குச் சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிவிட்டது. இப்படிப்பட்டவர்களை வைத்து, டெல்லி எய்ம்ஸ் டாக்டர் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று 24 நாடுகளில் நடத்திய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. அதில் இருந்த சுமார் 4,500 பேரில் பெரும்பாலோர் பெண்கள். ரிவரோக்சபான் எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை எடுத்தவர்களிடம் இறப்பு குறைவு என்று தெரிந்தது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் புதிய மாத்திரை கூடாது. ஆக, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நல்லது நமக்கு ஆபத்தாகலாம்!

மறக்கக் கூடாதவை

* நாமாக மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ கூடாது.
* மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கக் கூடாது. ரத்தக் கசிவு வரும்.
* பல் பிடுங்கும் முன்பும், கர்ப்பம் தரிக்க நினைத்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
* கறுப்பாக மலம், சிறுநீரில் ரத்தம், தலையில் அடி என்றால் உடனே ஆஸ்பத்திரி.
* வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் 108-க்குப் போன். நாலரை மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அந்தக் குழு இப்போது ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது. பரிசோதனைக்குப் போகும் மாதத்தில் அவருக்குப் பஸ் செலவுக்கு உள்கடன். துணைக்கு ஒரு உறுப்பினர். ஐ.என்.ஆர். எண்ணை அவரே நோட்டில் எழுதி வருகிறார்.

குழுவில் பேசுவோம்

1. நம் குழுவில் இதய மாத்திரை சாப்பிடுபவர் யார் யார்?
2. செலவுக்குப் பயந்து யாராவது மாத்திரையை நிறுத்தினார்களா?
3. அவர்களுக்கு நம் குழு என்ன செய்யலாம்?

கடன் தவணையைத் தவறவிடாத நாம், மாத்திரை வேளையையும் தவறவிட வேண்டாம்!