வட்டம் முட்டையான பாடம்

எட்டாம் வகுப்பில் வட்டம் பற்றிய பழைய காணொளிப் பாடம் ஒன்றைப் புதிதாக வந்த 43 அங்குல எச்.டி. தொலைக்காட்சியில் போட்டேன். "டீச்சர், அது வட்டமில்ல, முட்டை மாதிரி இருக்கு" என்றாள் முன் பெஞ்சு மாணவி. வகுப்பே சிரித்தது. "டிவியில வர்றது தப்பா இருக்குமா?" என்று இரண்டு மூன்று பேர் அவளை அடக்கினார்கள். உண்மையில் நானும் அதுவரை கவனிக்கவில்லை.

படத்தை நிறுத்தி, அளவுகோலை அவளிடமே கொடுத்தேன். உயரம் 30 செ.மீ., அகலம் 40 செ.மீ.

அன்றைய பாடத்தை ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொண்டோம். பழைய பெட்டிகளின் திரை 4:3, அதாவது 12:9. புதியது 16:9. பழைய படத்தை உள்ளபடி வைத்தால் அகலத்தில் 16க்கு 12 பங்குதான் நிரம்பும்; இருபுறமும் இரண்டிரண்டு பங்கு கறுப்பாக நிற்கும். முழுத்திரைக்கு இழுத்தால் அகலம் மட்டும் 4/3 மடங்காகும். 30 பெருக்கல் 4/3, விடை 40. சிரித்தவர்கள் அடங்கினார்கள். ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என மாற்றியதும் வட்டம் வட்டமானது.

வீட்டில் பார்த்து எழுதி வரச் சொன்னேன். செலியமேட்டில் பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டில் படம் இழுபட்டுத்தான் ஓடுகிறது. "காசு குடுத்து வாங்கினது, ரெண்டு பக்கமும் இருட்டா கெடந்தா எப்படி?" என்றாராம் ஒரு தாத்தா. நியாயந்தானே! என் வீட்டிலும் பழைய படங்களில் எல்லாரும் பூசினாற்போலத் தெரிவது பழகிவிட்டது.

பிள்ளைகள் வேறு சிலவும் எழுதியிருந்தார்கள். கடலூர்ப் பக்கத்து உறவினர் வீட்டில், 2006இல் தொடங்கிய இலவசத் திட்டத்தின் 14 அங்குலப் பெட்டி இருந்தபோது, அத்தை காய் நறுக்கிக்கொண்டே தொடரைக் காதால் கேட்பாராம். பெரிய திரை வந்தபின் அரிவாள்மனையை ஓரம் வைத்துவிட்டு உட்கார்ந்து விடுகிறாராம். கிரிக்கெட்டில் மூலையிலுள்ள சிறு எழுத்தும் தெரிவதால் தம்பி நகர்ந்து நகர்ந்து திரைக்கருகே போய்விடுகிறான் என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

எவ்வளவு தூரத்தில் உட்காரலாம்? பழைய தரத்துப் படத்தில் 720 × 576 = 4,14,720 புள்ளிகள்; முழு எச்.டி.யில் 1920 × 1080 = 20,73,600. சரியாக 5 மடங்கு. (சிக்னல் பழைய தரமாக இருந்தால் திரை மட்டும் புதிதாக இருந்து பயனில்லை.) பித்தாகரஸ் தேற்றப்படி 43 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 21 அங்குலம். எச்.டி.யின் நுணுக்கம் முழுதாகத் தெரிய, உயரத்தைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு தூரத்தில், அதாவது ஐந்தடிக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். 6 மடங்கைத் தாண்டினால், அதாவது பத்தரை அடிக்கு அப்பால், பழைய படத்துக்கும் எச்.டி.க்கும் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது.

இந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. என் கடைசி பெஞ்சு திரையிலிருந்து 20 அடி. அங்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். படத்தின் பெயர்க்குறிப்புகள் எதுவும் படிக்க முடியவில்லை. இத்தனை நாள் "புரிஞ்சுதா?" என்று கேட்டதும் "புரிஞ்சுது டீச்சர்" என்று சொன்னவர்கள் அங்கிருந்தவர்கள்தான்.

இப்போது காணொளி ஓடும்போது பெஞ்சுகளை ஒதுக்கிப் பிள்ளைகளைத் தரையில் மூன்று அரைவட்ட வரிசைகளாக உட்கார வைக்கிறேன்; எழுத்து சிறிதாக வந்தால் படத்தை நிறுத்திக் கரும்பலகையில் எழுதுகிறேன். அப்படி முன்னால் வந்த ஒரு பையன் ஆறடியிலும் கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தான். அவன் அம்மாவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.