அமினோ அமிலம்: பாட்டிலுக்குள் எப்படி வந்தது?

போன சித்திரையில் கத்தரி பூத்து நின்ற நேரம். கடையில் 'அமினோ அமிலம்' என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். லிட்டருக்கு 3 மில்லி என்று லேபிள் சொன்னது. பூ நிறைய நிக்கட்டும்னு நான் ஒரு மூடி சேர்த்தே ஊற்றினேன். மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டது, பாதிப் பூ கொட்டிவிட்டது. வங்கியில் ஒரு கடன் பத்திரத்தைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவனில்லை நான். இந்தப் பாட்டிலை எதிலிருந்து, எப்படிச் செஞ்சாங்கன்னு மட்டும் கேக்கல. அதுக்கப்புறம்தான் படிக்க உட்கார்ந்தேன்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. அதில் சுமார் 20 வகை. கிளைசின் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இரண்டு வடிவத்தில் இருக்க முடியும்: எல், டி. இடது செருப்பும் வலது செருப்பும் மாதிரி. பொருள் ஒன்றுதான், ஆனால் மாற்றிப் போட்டால் காலுக்குச் சேராது. உயிர்கள் புரதம் கட்டுவது எல் வடிவத்தை வைத்துத்தான்.

ஆய்வுக்கூடத்துக்கு அந்த விவரம் தெரியாது. 1850-இல் ஜெர்மனியின் அடால்ஃப் ஸ்ட்ரெக்கர், அசிட்டால்டிஹைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு மூன்றையும் சேர்த்து, வந்ததை அமிலத்தில் கொதிக்கவைத்து அலனின் என்ற அமினோ அமிலத்தைச் செய்தார். சயனைடுன்னதும் பயப்பட வேண்டாம், அது வேறு பொருளாக மாறிவிடுகிறது. சிக்கல் வேறு: கிடைத்ததில் பாதி எல், பாதி டி. கோழித் தீவனத்தில் சேர்க்கும் டி.எல். மெத்தியோனின் இந்த வழியின் வாரிசுதான். கோழி தன் உடம்புக்குள் டி-யை எல்-ஆக மாற்றிக்கொள்ளும். செடி அப்படி இல்லை. டி-அலனினும் டி-செரினும் செடி வளர்ச்சியைத் தடுப்பதை, கடுகு குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது வழி, இருக்கிற புரதத்தை உடைப்பது. சோயா, இறகு, தோல் துண்டு எதுவானாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுப் பல மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். வேலை முடியும். ஆனால் செடி ஆக்சின் செய்ய எடுத்துக்கொள்ளும் டிரிப்டோபன் அதில் அழிந்துபோகும். மிஞ்சிய அமிலத்தைக் காஸ்டிக் சோடா ஊற்றிச் சமன் செய்தால் என்ன வரும்? சாப்பாட்டு உப்பு! அதைப் பிரித்து எடுக்காவிட்டால் பாட்டிலோடு நம் இலைக்கு வரும். என் கத்தரி கருகியது உப்பாலா, வெயிலாலா, நான் ஊற்றிய கூடுதல் மூடியாலா என்று சத்தியம் பண்ண மாட்டேன். நொதியால் உடைத்த சரக்கும் கடையில் உண்டு. அதில் டிரிப்டோபன் தப்பிக்கும், விலைதான் கூடும்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. 1950-களில் ஜப்பானில் கினோஷிடா குழுவினர் கண்டெடுத்த கோரினிபாக்டீரியம் என்ற நுண்ணுயிர், சர்க்கரையைத் தின்று குளூட்டமிக் அமிலத்தை வெளியே விடுகிறது, அதுவும் எல் வடிவத்திலேயே. அதற்கு முன் அங்கே கோதுமைப் புரதத்தை அமிலத்தில் உடைத்துத்தான் அதை எடுத்துவந்தார்கள். லைசினும் இப்போது நுண்ணுயிர் வழியில்தான் பெருமளவு வருகிறது.

நம்ம மீன் அமிலம் இதற்கெல்லாம் எங்கே நிற்கிறது? மீனின் புரதத்தை அதன் குடலில் இருக்கும் செரிமான நொதிகளே கரைக்கின்றன. அதனால்தான் தலை, குடலோடு போடச் சொல்வது. சுத்தம் பண்ணிய சதையை மட்டும் போட்டால் வேலை மெதுவாகும். சரிபாதி எடைக்குப் போடும் வெல்லம் நீரை இழுத்து, அழுகவிடாமல் காக்கிறது. இதில் காஸ்டிக் சோடாவுக்கு இடமே இல்லை. 21 நாள் கழித்து வடிகட்டி, 10 லிட்டர் டேங்குக்கு முதலில் 50 மில்லி போட்டு, நாலு செடியில் மட்டும் அடித்து மூன்று நாள் பாருங்கள். இலை நல்லா இருந்தால் 100 மில்லி வரை போகலாம். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள்.

கடைப் பாட்டில்தான் வாங்குவேன் என்பவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்: எதிலிருந்து எடுத்தது, அமிலத்தில் உடைத்ததா நொதியில் உடைத்ததா? நான் அடுத்த தடவை போய்க் கேட்டேன். கடைக்காரத் தம்பி லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார்.