துணியை வெயிலில் போடுங்கள்



வயதுக்கு வந்த மகளின் விலக்குத் துணியை எங்கே காயப்போடுகிறீர்கள்? சாத்தாங்காட்டில் பல வீடுகளில் கட்டிலுக்கு அடியில், இல்லாவிட்டால் புடவைக்குள் ஒளித்து. ஆம்பிளைகள் கண்ணில் படக்கூடாதாம். ஈரம் போகாத துணியில் கிருமி வளரும். அரிப்பும் புண்ணும் வரும். பெண் வெட்கப்பட்டு வாயே திறக்கமாட்டாள்.

சோப்புப் போட்டு அலசி, இரும்பு மார்க்கெட் லாரித் தூசி படாத இடமாகப் பார்த்து, நல்ல வெயிலில் போடுங்கள். கூச்சமாக இருந்தால் மேலே மெல்லிய துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள், போதும். துணியோ நாப்கினோ, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தீட்டு என்று குளிக்காமல் உட்கார வைக்காதீர்கள், தினமும் குளிக்கட்டும்.

முதல் இரண்டு வருடம் நாள் தள்ளி வருவது சகஜம். நாற்றமோ அரிப்போ இல்லாத வெள்ளைப்படுதல் நோயல்ல. எலும்பு உருகுகிறது என்பது வெறும் கதை. ஆனால் 7 நாளுக்கு மேல் போக்கு நீடித்தாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கித் தராதீர்கள்.

2011-இல் அரசு அறிவித்த புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசம். முதலில் கிராமத்துக்கு வந்தது. பிறகு நகரத்துக்கும் வந்தது. நர்ஸம்மாவிடம் கேளுங்கள். பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடட்டும், கக்கூஸில் வேண்டாம்.

பள்ளியில் வாரம் ஒன்று தரும் இரும்புச்சத்து மாத்திரையை வயிறு புரட்டுகிறதென்று எறிந்துவிடுகிறாளா, விசாரியுங்கள். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் அவ்வளவாகப் புரட்டாது.