ஃபில்டரா, சர்குலேட்டரா? மொட்டைமாடி ரிசீவருக்கு எது தேவை

மயிலாப்பூர், அடையாறு மாடிகளிலிருந்து மீட்டியோர்-எம் வானிலைச் செயற்கைக்கோளின் படத்தை 137.1 மெகாஹெர்ட்ஸில் பிடிக்க முயல்பவர்களுக்கு வலுவான பண்பலை ஒலிபரப்பே முதல் சவால். சென்னையில் ஹலோ எஃப்எம் 106.4, ரேடியோ சிட்டி 91.1. இரண்டும் சேர்ந்து ரிசீவரின் முதல் பெருக்கியைத் திணறடித்தால், 106.4-இன் மும்மடங்கிலிருந்து 91.1-இன் இருமடங்கு கழிந்து 137.0-இல் போலி சிக்னல் முளைக்கும். ஐந்தாம் படிக் கலவை ஆதலால் அது அகலமாகப் பரவி 137.1-ஐயும் மூடிவிடும்.

முதலில் சோதனை

ஆன்டெனாவுக்கும் முதல் பெருக்கிக்கும் நடுவே 10 டெசிபெல் அட்டனுவேட்டர் போடுங்கள். தொல்லை பத்தைத் தாண்டி வெகுவாகச் சரிந்தால், அது ரிசீவருக்குள் பிறக்கிறது, ஃபில்டர் தீர்க்கும். சரியாகப் பத்து மட்டும் குறைந்தால், வெளியிலிருந்தே வருகிறது. அப்போது ஃபில்டர் வாங்கிப் பயனில்லை. கடற்காற்றில் துருப்பிடித்த ஆன்டெனா இணைப்புகளும் இரும்புக் கம்பிகளும் இப்படிக் கலவை உண்டாக்கும். அவற்றைச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

பண்பலைத் தடுப்பு ஃபில்டர்

88 முதல் 108 வரை மட்டும் வெட்டும். 144–146 அமெச்சூர் அலைவரிசையையும் அதே ஆன்டெனாவில் கேட்பவர்களுக்கு ஏற்றது.

137 பேண்ட்பாஸ் ஃபில்டர்

செல்போன் கோபுரச் சிக்னலையும் சேர்த்துத் தடுக்கும். ஓரிரு டெசிபெல் இழப்பு உண்டு. ஆனால் இந்த அலைவரிசையில் நகரத்து இரைச்சலே மேலோங்கி நிற்பதால் அந்த இழப்பு உறுத்தாது. முதல் பெருக்கிக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் அந்தப் பெருக்கிக்குப் பாதுகாப்பில்லை.

கேபிள் துண்டு

ரிச்சி தெருவில் வாங்கிய ஆர்ஜி-58 கேபிளில் 46.5 சென்டிமீட்டர் வெட்டி, முனையைத் திறந்தே விட்டு, டி-கனெக்டரில் மாட்டினால் 106.4 அடங்கும். செலவு மிகக் குறைவு. ஆனால் 137-இல் பாதி சிக்னலும் போய்விடும். சோதித்துப் பார்க்க மட்டும் உகந்தது.

சர்குலேட்டர்

ஃபெரைட்டால் ஆன மூன்று முனைக் கருவி. சிக்னலை ஒரே திசையில் சுற்றவிடும். மூன்றாம் முனையில் 50 ஓம் சுமை வைத்தால், ஆன்டெனாவிலிருந்து திரும்பும் மின்திறனும் பக்கத்துக் கோபுரத்து சிக்னலும் டிரான்ஸ்மிட்டருக்குள் நுழையாமல் ஏறத்தாழ 20 டெசிபெல் தடுக்கும். பல டிரான்ஸ்மிட்டர்கள் அடுத்தடுத்து நிற்கும் இடத்துக்கு அது இன்றியமையாதது. ரிசீவர் திணறலுக்கு அது மருந்தே அல்ல.

எதை வாங்கலாம்?

செயற்கைக்கோள் மட்டும் என்றால் பேண்ட்பாஸ். பல அலைவரிசை என்றால் தடுப்பு ஃபில்டர். ஒலிபரப்புபவர் என்றால் சர்குலேட்டர். எதை வாங்குவதானாலும் அதற்கு முன் அட்டனுவேட்டரை வாங்கிவிடுங்கள்.