துருவோடு மல்லுக்கட்டுவதற்கு முன்

ஐப்பசியும் கார்த்திகையும் களத்துமேட்டில் நனைந்து நின்ற பழைய டிராக்டரை அறுப்பு முடிந்து கோடை உழவுக்கு எடுக்கும்போதுதான், எதெல்லாம் அசைய மறுக்கிறது என்று தெரியும். கலப்பையை மாட்டப் போனால் டாப் லிங்க் திரும்பாது. சக்கர நட்டு கழலாது. கிளட்சை மிதித்தாலும் கியர் விழாது. டீக்கடையில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதில் பாதி சரி, பாதி காசைக் கரியாக்கும், ஒன்றிரண்டு ஆளையே கொன்றுவிடும்.

முதலில், ஏன் இறுகுகிறது? துரு பசைபோல ஒட்டிக்கொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரும்பு துருவாகும்போது பருக்கிறது. இருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், ஈரம் சேர்ந்த துரு இன்னும் அதிகம் கேட்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் ஆப்பு அடித்ததுபோல ஆகிவிடுகிறது. பொட்டாஷ் மூட்டை ஏற்றிய வண்டியிலும் கடலோர ஊர்களிலும் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், காரணம் உப்பிலுள்ள குளோரைடு. ஆகவே எந்த வைத்தியமும் அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது திறந்தால்தான் பலிக்கும். கீழே வரும் ஒவ்வொரு யோசனையையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கலாம்.

“டபிள்யூ.டி.40 அடித்தால் அஞ்சு நிமிஷத்தில் கழன்றுவிடும்.” 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு சின்ன ரசாயன கம்பெனி செய்த சரக்கு இது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டில் துரு பிடிக்காமல் காக்கப் பயன்பட்டது. ஈரத்தை விரட்டுவதுதான் அதன் வேலை, 40 என்பது அந்தக் கலவை பலித்த முயற்சியின் எண். லேசான துருவுக்கு உதவும். பத்து வருஷத் துருவுக்கு அதையே நம்பி உட்காரக் கூடாது. இறுகிய மரைக்கென்று அதே கம்பெனி தனிச் சரக்கு விற்பதே போதுமான சாட்சி. எதை ஊற்றினாலும் நேரம் கொடுக்க வேண்டும். சாயந்திரம் ஊற்றி, நட்டின் ஆறு பக்கமும் சுத்தியலால் தட்டி, காலையில் இன்னொரு தரம் ஊற்றித் தட்ட வேண்டும். தட்டும் அதிர்ச்சியில் துரு விரிசல் விட்டால்தான் எண்ணெய்க்கு வழி கிடைக்கும். டீசலும் மண்ணெண்ணெயும் நீர்த்தவை, மெதுவாக என்றாலும் உள்ளே போகும். இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பு ஆயில் மேலேயே நிற்கும், அதை ஊற்றுவது மனத் திருப்திக்கு மட்டும். அசிட்டோனும் கியர் ஆயிலும் சரிபாதி என்று ஒரு கலவை சொல்கிறார்கள். அதில் சேர்க்க வேண்டியது ஆட்டோமேட்டிக் கியருக்கான மெல்லிய ஆயில். ஊற்றும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும், இரண்டும் பிரிந்துவிடும். அசிட்டோன் ஆவி நிமிஷத்தில் தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடிகூட ஆகாது. கோலா ஊற்றுகிறவர்கள் அதைக் குடித்துவிடலாம். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் துருவைக் கரைக்கும்தான், ஆனால் அந்த அளவுக்கு ஒரு சின்ன போல்ட்டே பல நாள் ஊறிக் கிடக்க வேண்டும்.

“ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழு.” பைப்பின் நீளம் இரட்டித்தால் முறுக்கும் இரட்டிக்கும். ஆனால் அந்த முறுக்கைப் போல்ட் தாங்குமா? கவனிக்க ஒரு அடையாளம் இருக்கிறது. மரை விடும்போது ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வரும். சத்தமே இல்லாமல் ஸ்பேனர் ரப்பரை முறுக்குவதுபோல மெத்தென்று சுற்றினால் போல்ட்டே முறுகுகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள். கழற்றும் முன் இறுக்கும் பக்கமாக ஒரு துளி திருப்புவது மூடநம்பிக்கை போலத் தெரியும், ஆனால் சரியான யோசனை. துரு எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைந்ததுதான். விட்டதும் ஒரேயடியாகச் சுற்றாமல் கால் சுற்று கழற்றி, பாதி திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்ற வேண்டும்.

இனி டாப் லிங்க். ஐரிஷ்காரர் ஹாரி ஃபெர்குசன் 1920களில் காப்புரிமை வாங்கிய மூன்று முனை இணைப்பில் மேல் கை இதுதான். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸி ஃபெர்குசன் வண்டிகளை இங்கே செய்ய ஆரம்பித்ததிலிருந்து நம் வயல்களிலும் இது பழகிப்போனது. “டாப் லிங்க் இறுகினால் இரண்டு பக்கமும் இடப்பக்கமாகச் சுற்று” என்கிறார்கள். தப்பு. குழாயின் ஒரு முனையில் வலமரை, மறு முனையில் இடமரை. அதனால்தான் நடுக்குழாயை ஒரு பக்கம் திருப்பினால் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. தெரியாமல் இடமரை முனையில் இரண்டு ஆள் தொங்கினால், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பார்கள். லிங்கை நிமிர்த்திப் பிடித்து, வெளியே தெரியும் மரைக் கோடுகளைப் பாருங்கள். வலப்பக்கம் ஏறினால் வலமரை, இடப்பக்கம் ஏறினால் இடமரை. பிறகு கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, லிங்கைச் செங்குத்தாகச் சுவரில் சாத்தி, மரை குழாய்க்குள் நுழையும் இடத்தில் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் தலைகீழாக நிறுத்தி அடுத்த முனைக்கு.

இதற்கும் மசியாவிட்டால் நெருப்பு. அங்கேதான் பெரிய தப்பெண்ணம் இருக்கிறது: “நட்டைக் காய்ச்சினால் உலோகம் விரிந்து ஓட்டை சுருங்கும்.” ஓட்டையும் சேர்ந்தே விரியும். 25 மி.மீ. ஓட்டையுள்ள இரும்பு நட்டு 300 டிகிரி சூடேறினால் ஓட்டை ஏறக்குறைய 0.09 மி.மீ. அகலும், துருவை விலக்க அது தாராளம். ஆனால் காய்ச்ச வேண்டியது நட்டை, போல்ட்டை அல்ல. அதுவும் சட்டென்று காய்ச்ச வேண்டும். நிதானமாகக் காய்ச்சினால் போல்ட்டும் சூடேறி, கிடைத்த இடைவெளி போய்விடும். ஆறும்போது மெழுகுவத்தியை மரையோரம் வைத்தால், உருகிய மெழுகு உள்ளே இழுபடும். சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றும் வித்தையை வார்ப்பிரும்பில் காட்டவே கூடாது. பழைய டிராக்டர்களுக்குத் தனிச் சட்டகம் கிடையாது, கியர்பாக்ஸும் பின் அச்சுக் கூடும்தான் வண்டியின் உடம்பு. அதில் விரிசல் விழுந்தால் வண்டியையே காயலான் கடைக்குப் போட வேண்டியதுதான். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டைச் சிவக்கக் காய்ச்சினால் அதன் பலம் போய்விடும், மறுபடி போடாமல் புதிதாக வாங்குங்கள். டாப் லிங்கைக் காய்ச்சும் முன், இரண்டு முனையும் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே மாட்டிய எண்ணெயும் தண்ணீரும் ஆவியானால் குழாய் வெடிக்கும்.

“காற்றை இறக்கிவிட்டுச் சக்கர நட்டைக் கேஸ் வைத்துச் சுடலாம்.” கூடவே கூடாது. டயர் மாட்டிய ரிம்மில் கேஸோ வெல்டிங்கோ பட்டால், உள்பக்க ரப்பர் சூட்டில் சிதைந்து எரிவாயுவாகும். காற்றில்லாத டயரும் வெடிக்கும், வெல்டர்கள் இதில் செத்திருக்கிறார்கள். டயரைக் கழற்றாமல் அங்கே நெருப்பு வேண்டாம். எண்ணெயும் தட்டலும் பொறுமையும்தான்.

“பிஸ்டன் பிடித்துக்கொண்டால் கியரில் போட்டு இன்னொரு டிராக்டரால் இழு.” நிமிர்ந்த சைலன்சரின் வாயில் டப்பா கவிழ்க்காமல் விட்டிருந்தால் மழைத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. இழுத்த இழுப்பில் கனெக்டிங் ராடு வளையும். மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜினாக இருந்தாலும் வேறாக இருந்தாலும் வழி ஒன்றுதான். இன்ஜெக்டர்களைக் கழற்றி, தண்ணீர் இருந்தால் உறிஞ்சி எடுத்து, டீசலும் மெல்லிய ஆயிலும் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, ஃப்ளைவீல் பல்லில் கம்பி கொடுத்து முன்னும் பின்னும் ஒரு பல் இரண்டு பல்லாக அசைக்க வேண்டும். செல்ஃபைத் தட்டிக்கொண்டே இருந்தால் செல்ஃப் மோட்டார்தான் கருகும்.

ஒட்டிக்கொண்ட கிளட்ச் பிளேட்டுக்கு மட்டும் எண்ணெய் வைத்தியம் பாவம். டீசல் ஊற்றினால் பிளேட் லைனிங் அதைக் குடித்துவிட்டு, கழன்ற பிறகும் வழுக்கிக்கொண்டே இருக்கும். மிதித்த கிளட்ச் பெடலுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து இரண்டு மூன்று நாள் விட்டாலே பல வண்டிகளில் தானாக விடும்.

கடைசியாக, போல்ட் உடைந்தே போனால் பலர் கை வைப்பது ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டரில். நடுவில் துளை போட்டு அதைத் திருகினால் மீதி வந்துவிடும் என்று நினைப்பு. முழு போல்ட்டே வராத இடத்தில் அதன் நடுவில் செருகிய ஒல்லிக் கம்பி என்ன செய்யும்? அது கெட்டி எஃகு, பட்டென்று உடைந்து உள்ளே நிற்கும், சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. அதைவிட, மிச்சத்தின் மேல் ஒரு நட்டை வைத்து அதன் உள்வழியாக வெல்டிங் பிடித்து, ஆறவிட்டுத் திருப்புவது மேல். வெல்டிங் சூடே பாதித் துருவை விலக்கியிருக்கும். எக்ஸ்ட்ராக்டர் ஏற்கெனவே உள்ளே உடைந்திருந்தால், வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. வண்டி லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.